டிக்கெட் விலை குறைந்தால் பாதுகாப்பும் குறையுமா?

குஜிலியம்பாறை வட்டாரத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் திருச்சிக்கோ மதுரைக்கோ போய்த்தான் விமானம் ஏற வேண்டும். திருச்சி என்றால் பலருக்கும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ்தான். 2005ல் ஏர் இந்தியா ஆரம்பித்த மலிவு விலை நிறுவனம் அது. 2018 அக்டோபர் 12 அதிகாலை, 130 பயணிகளோடு திருச்சியிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய அதன் விமானம், விமான நிலையச் சுற்றுச்சுவரை இடித்துவிட்டுப் பறந்தது! அடிப்பகுதி கிழிந்த நிலையிலேயே சுமார் 4 மணி நேரம் பறந்து மும்பையில் இறங்கியது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இப்படி ஒன்று நடந்தால் உடனே வருகிற பேச்சு, "காசு கம்மி, அதான் இப்படி" என்பதுதான். அது சரியா?

மலிவு விமானத்தின் கதை அமெரிக்காவில், டெக்சாஸில் தொடங்குகிறது. 1971ல் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட் காசை மிச்சம் பிடித்த வழிகள் எளிமையானவை. ஒரே வகை விமானம், சாப்பாடு கிடையாது, இறங்கிய விமானம் சீக்கிரமே மறுபடி கிளம்ப வேண்டும் (நம்ம ஊர் தனியார் பஸ் மாதிரி!). இதே வழியைப் பின்பற்றிய ஐரோப்பாவின் ரயன்ஏர் விமானங்களில் விபத்தால் ஒரு பயணிகூட இறந்ததில்லை. இந்தியாவில் 2003ல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் வந்தது, பிறகு 1 ரூபாய்க்கும் டிக்கெட் விற்றது. மறுபக்கம், 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் 260 பேரைப் பலிகொண்ட விமானம் மலிவு நிறுவனத்துடையது அல்ல. ஆக, டிக்கெட் விலையை வைத்து மட்டும் எதையும் சொல்லிவிட முடியாது.

ஆனால் மிச்சம் பிடிக்கும் கை எங்கே நீளுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வேல்யூஜெட் பராமரிப்பு வேலையை வெளியே ஒப்பந்தத்துக்கு விட்டது. அந்த ஒப்பந்த நிறுவனம் ஆக்சிஜன் தயாரிக்கும் கருவிகளைச் சரியாகக் கட்டாமல் சரக்கில் ஏற்ற, 1996 மே 11 அன்று நடுவானில் தீப்பிடித்து 110 பேர் இறந்தார்கள். ஒப்பந்தக்காரரைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்று வேல்யூஜெட் மீதும் விசாரணை அமைப்பு குற்றம் சொன்னது.

நமக்கு இன்னும் பக்கத்தில் கோழிக்கோடு. 2020 ஆகஸ்ட் 7 அன்று, கொரோனா காலத்தில் துபாயிலிருந்து மக்களை அழைத்துவந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மழையில் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 21 பேர் இறந்தார்கள். பின்காற்றோடு இறங்கியதும், ஓடுபாதையில் வெகுதூரம் தள்ளித் தரை தொட்டதும் விமானியின் தவறுகள். ஆனால் விசாரணை அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து கிளம்பும் விமானத்தையும் அதே கேப்டன்தான் ஓட்ட வேண்டும். வேறு ஊருக்குத் திருப்பிவிட்டால் அது நடக்காது. கோழிக்கோட்டில் 26 துணை விமானிகளுக்கு இருந்தது ஒரே ஒரு கேப்டன்! நிறுவனத்தின் ஆள் நியமனக் கொள்கையே தவறு என்று எழுதினார்கள். இறக்கையில் ஒரு திருகாணியைக் குறைப்பதைவிட இது ஆபத்தானது, ஏனென்றால் எந்தப் பரிசோதனையிலும் இது கண்ணில் படாது.

2025லும் அதே ஆள் கணக்குதான். விமானிகளுக்கு வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆனது. இரவில் விமானம் இறக்குவதற்கும் கட்டுப்பாடு வந்தது. போதிய விமானிகளைத் தயார் செய்யாத இண்டிகோ டிசம்பரில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. விமான நிலையங்களில் கூட்டம் அலைமோத, அரசு அந்த நிறுவனத்துக்குச் சில விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. தூக்கம் கெடாமல் இருக்கத்தான் அந்த விதியே வந்தது!