நாற்பது வருடத் தோட்டம்

1960களின் நடுவில் நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதியில் ஒரு சின்ன விஷயம் நடக்க ஆரம்பித்தது. நாற்பது வருடமாக வேலி இல்லாமல் கிடந்த பொதுத் தோட்டங்களில் சில வீட்டுக்காரர்கள் வேலி போட்டார்கள். இரவோடு இரவாக ஆக்கிரமிப்பு செய்யவில்லை. அடுத்தவர் நிலத்தைத் தொடவும் இல்லை. அவரவர் பத்திரத்தில் இருந்த அளவுக்குக் கம்பி நட்டார்கள், அவ்வளவுதான். சட்டப்படி ஒரு தவறும் கிடையாது. ஆனால் அந்த வேலிகளோடு அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற பொதுத் தோட்டக் குடியிருப்பு ஒன்று துண்டு துண்டாகப் போகத் தொடங்கியது.

அந்த இடத்தின் பெயர் சன்னிசைட் கார்டன்ஸ். நகரத் திட்டமிடல் படிப்பவர்களுக்கு இந்தப் பெயர் பரிச்சயமாக இருக்கும். மற்றவர்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் அப்பார்ட்மெண்டில் குடியிருக்கும் எல்லோரும், முக்கியமாகக் காமன் ஏரியா யாருக்குச் சொந்தம் என்று அசோசியேஷன் மீட்டிங்கில் சண்டை போட்ட எல்லோரும், தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

முதலில் அது எப்படி உருவானது என்று பார்ப்போம்.

இங்கிலாந்தில் 1898இல் எபனேசர் ஹோவர்ட் என்பவர் 'தோட்ட நகரம்' என்ற யோசனையை ஒரு புத்தகமாக எழுதினார். ஹோவர்ட் பெரிய கட்டடக் கலைஞர் இல்லை, சுருக்கெழுத்தாளர்! நகரத்தின் வேலை வாய்ப்பும் கிராமத்தின் காற்றும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும், நிலத்தின் மதிப்பு உயர்ந்தால் அந்த லாபம் ஊருக்கே போக வேண்டும் என்பது அவருடைய கனவு. 1903இல் லெட்ச்வொர்த் என்ற ஊர் அப்படியே கட்டப்பட ஆரம்பித்தது.

இந்தக் கனவு அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க்கில் ஒரு சின்ன நண்பர் வட்டத்தைப் பிடித்துக்கொண்டது. 1923இல் கூடிய அந்த வட்டத்தில் கட்டடக் கலைஞர்கள் கிளாரன்ஸ் ஸ்டீன், ஹென்றி ரைட், எழுத்தாளர் லூயிஸ் மம்ஃபோர்ட் போன்றவர்கள் இருந்தார்கள். அலெக்சாண்டர் பிங் என்ற கட்டடத் தொழிலதிபரும் சேர்ந்தார். பணக்காரர்களுக்கு அடுக்குமாடி கட்டிச் சம்பாதித்தவர் அவர். நடுத்தர மக்களுக்கும் தொழிலாளர்களுக்கும் நல்ல வீடு கட்ட 1924இல் ஒரு கம்பெனியைத் தொடங்கினார். பெயர் சிட்டி ஹவுசிங் கார்ப்பரேஷன். முதலீடு செய்தவர்களுக்கு 6 சதவீதத்துக்கு மேல் லாபம் கிடையாது என்பது கம்பெனியின் விதி. இன்றைய பில்டர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

பென்சில்வேனியா ரயில்வே கம்பெனியிடமிருந்து சுமார் 77 ஏக்கர் வாங்கினார்கள். பக்கத்தில் பெரிய ரயில்வே யார்டு. பார்க்க அழகான இடம் இல்லை. ஆனால் 1909இல் குயின்ஸ்பரோ பாலமும் 1917இல் அந்தப் பக்கம் ரயில் பாதையும் வந்துவிட்டதால் மன்ஹாட்டனுக்கு வேலைக்குப் போய்வருவது சுலபம். நிலமும் மலிவு.

அங்கே ஒரு சிக்கல். தெருக்களை எல்லாம் நகராட்சி ஏற்கெனவே கட்டம் கட்டமாக வரைந்து வைத்திருந்தது. அதை மாற்ற அனுமதி கிடைக்கவில்லை. வளைந்த தெரு, நடுவில் பெரிய பசுமை வெளி என்று ஸ்டீனும் ரைட்டும் நினைத்திருந்ததெல்லாம் போச்சு. அப்போதுதான் அந்த நல்ல யோசனை பிறந்தது. தெருவை மாற்ற முடியாவிட்டால் என்ன, கட்டத்துக்கு உள்ளே இருக்கும் இடம் நம் கையில்தானே இருக்கிறது!

நான்கு பக்கமும் தெரு உள்ள ஒரு கட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் ஓரங்களில் இரண்டு மாடிச் செங்கல் வீடுகள் வரிசையாக, ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆழம் இரண்டு அறைதான். முன் ஜன்னலில் நுழையும் காற்று பின் ஜன்னல் வழியே வெளியேறும். வீட்டின் பின்னால் ஒரு சின்னச் சொந்தத் தோட்டம். அதையும் தாண்டினால் எல்லா வீடுகளின் பின்பக்கமும் சேரும் நடுப்பகுதியில் மரம், புல், நடைபாதை கொண்ட பொது முற்றம். அதைக் 'கோர்ட்' என்று அழைத்தார்கள். முதலில் வந்தது கொலோனியல் கோர்ட். பிறகு ஹாமில்டன், ஜெஃபர்சன், மேடிசன் என்று வளர்ந்தது. 1928இல் வேலை முடிந்தபோது சுமார் 1,200 குடும்பங்களுக்கு இடம் இருந்தது. தனி வீடுகள், இரண்டு மூன்று குடும்ப வீடுகள், அடுக்குமாடி பிளாட்டுகள் எல்லாம் கலந்திருந்தன. கட்டடங்கள் நிலத்தில் 28 சதவீதத்தை மட்டுமே மூடின. மற்றதெல்லாம் வெட்டவெளி!

தோட்டங்களை வடிவமைத்தவர் மார்ஜரி சீவெல் காட்லி. பெண்கள் அந்தத் தொழிலில் மிக அரிதாக இருந்த காலம் அது. கட்டடத்தைப் பற்றி எழுதுபவர்கள் ஸ்டீனையும் ரைட்டையும் புகழ்ந்துவிட்டு இவரை ஒரு வரியில் கடந்துபோவார்கள். ஆனால் அந்தச் சாதாரணச் செங்கல் வீடுகள் இன்றும் அழகாகத் தெரிவதற்குக் காரணம் செடி கொடிகளும் ஓங்கி வளர்ந்த லண்டன் பிளேன் மரங்களும்தான்.

அங்கே வாழ்க்கை எப்படி இருந்தது? கார்களை முற்றத்துக்குள் விடவில்லை. கராஜ்களைத் தனியாக ஓரத்தில் கட்டிவிட்டார்கள். அதனால் நடை பழகும் குழந்தையைப் பின் கதவைத் திறந்து வெளியே விட்டாலும் பயம் இல்லை. முற்றம் அமைதியாக உட்காரவும் சின்னக் குழந்தைகள் விளையாடவும். பெரிய பிள்ளைகளின் கூச்சலுக்கும் பந்துக்கும் சுமார் 3 ஏக்கரில் தனியாக ஒரு பூங்கா. குடியிருப்பவர்களுக்கு மட்டுமே உரிய அந்தப் பூங்கா இன்றும் இருக்கிறது. கிரீனிச் வில்லேஜில் வசித்த எழுத்தாளர்களும் ஓவியர்களும் குழந்தை பிறந்ததும் இங்கே குடிவந்ததால் 'கிரீனிச் வில்லேஜின் பிரசவ வார்டு' என்று கிண்டலாக ஒரு பட்டப்பெயரும் விழுந்தது.

அப்படி வந்தவர்களில் லூயிஸ் மம்ஃபோர்டும் ஒருவர். 1925 முதல் 1936 வரை, முதலில் ஒரு பிளாட்டிலும் பிறகு ஒரு வீட்டிலும் வாழ்ந்தார். நகரங்களைப் பற்றி எழுதிய பலர் தாங்கள் பாராட்டிய குடியிருப்புகளில் ஒரு நாள் கூடத் தங்கியதில்லை. இவர் பதினோரு வருடம் இருந்து பார்த்தார். தன் மகனுக்கு அவர் வைத்த பெயர் கெடிஸ். பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞரைக் குருவாக நினைத்து வைத்த பெயர். அந்தக் கெடிஸ்தான் 1914இல் இந்தியாவுக்கு வந்து, மதராஸ் மாகாணத்து ஊர்கள் உட்படப் பல ஊர்களுக்குத் திட்ட அறிக்கைகள் எழுதியவர். உலகம் சின்னதுதான்!

பிறகு 1929 வந்தது. பங்குச் சந்தை சரிந்தது, வேலைகள் போயின. சுமார் 10 சதவீதம் முன்பணம் கட்டி, மீதியை மாதத் தவணையில் கட்டிக்கொண்டிருந்த குடும்பங்களால் தவணை கட்ட முடியவில்லை. கம்பெனி தவணையைக் கேட்டது. நல்ல எண்ணத்தோடு தொடங்கிய கம்பெனிதான், ஆனால் அதற்கும் கடன் இருந்ததே! 1930களின் நடுவில் குடியிருந்தவர்கள் ஒன்றுகூடித் தவணை கட்ட மாட்டோம் என்று வேலை நிறுத்தம் போல ஒரு தவணை நிறுத்தம் செய்தார்கள். வீட்டைக் காலி செய்ய அதிகாரிகள் வந்தபோது சிலர் வாசலில் முள்கம்பியும் மணல் மூட்டையும் அடுக்கினார்கள். மிளகுத் தூளும் மாவும் வீசியதாகக் கூடச் செய்திகள் உண்டு. கடைசியில் வீடு வாங்கியவர்களில் பாதிக்கு மேல் வீட்டை இழந்தார்கள். கம்பெனியும் திவாலானது.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் போராட்டம் அவ்வளவு சீக்கிரம் திரண்டதற்கு முற்றங்களும் ஒரு காரணம் என்றே சொல்லலாம். பத்து வருடம் ஒரே புல்வெளியில் குழந்தைகளை வளர்த்தவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரர் யார் என்று புதிதாக அறிமுகம் தேவைப்படவில்லை. கம்பெனி போட்டுக் கொடுத்த தோட்டத்தில் பழகியவர்களே கம்பெனியை எதிர்த்து நின்றார்கள்!

கம்பெனி போனது, பலர் வீடு இழந்தார்கள், புது ஆட்கள் வந்தார்கள். ஆனாலும் தோட்டம் தப்பித்தது. எப்படி? பத்திரத்தில் எழுதியிருந்தது. இங்கேதான் கதையின் முடிச்சு இருக்கிறது.

முற்றத்தின் நடுப்பகுதி தனியாக ஒரு சங்கத்தின் பெயரில் இல்லை. ஒவ்வொரு வீட்டின் நிலமும் முற்றத்துக்குள் நீண்டு போனது. அதாவது காகிதத்தில் அந்தப் புல்வெளி பல சொந்தத் துண்டுகள். ஆனால் அந்தத் துண்டில் எல்லோருக்கும் பாத்தியதை உண்டு, வேலி போடக் கூடாது, கட்டடத்தை நீட்டக் கூடாது என்று பத்திரத்தில் நிபந்தனை. நம்ம ஊர் பத்திரங்களில் 'வழிநடைப் பாத்தியம்' என்று எழுதுவார்களே, கிட்டத்தட்ட அது மாதிரி. வீடு எத்தனை கை மாறினாலும் நிபந்தனையும் கூடவே போகும்.

எத்தனை காலத்துக்கு? நாற்பது வருடத்துக்கு.

1924இல் நாற்பது வருடம் என்பது ஒரு யுகம் மாதிரி தெரிந்திருக்கும். 30 வயதில் வீடு வாங்கியவருக்கு 70 வயது ஆகும் வரை கவலை இல்லை. ஆனால் 1964 வந்தே விட்டது. கோர்ட் கோர்ட்டாக நிபந்தனைகள் காலாவதி ஆயின. அப்போதுதான் வேலிகள் முளைத்தன. சிலர் பின்பக்கம் அறை கட்டினார்கள். சிலர் முன் புல்வெளியை வெட்டி எடுத்துவிட்டுக் கார் நிறுத்தச் சிமெண்ட் போட்டார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. வரி கட்டுவது தாங்கள், அந்த நிலத்தில் தங்கள் பிள்ளைக்கு ஒரு ஊஞ்சல் போடக் கூடாதா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான். ஆனால் ஒரு முற்றத்தில் ஒருவர் வேலி போட்டால் போதும், நடைபாதை அங்கேயே முட்டி நின்றுவிடும். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் எதற்காகத் திறந்து வைத்திருக்க வேண்டும்?

இதில் ஒரு வேடிக்கையான காலப் பொருத்தம் உண்டு. முதல் நிபந்தனைகள் முடிந்த அதே 1964இல்தான் நியூயார்க் மாநிலம் காண்டோமினியம் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1958இல் புவேர்ட்டோ ரிக்கோவில் வந்த சட்டம் அமெரிக்காவுக்கு வழிகாட்டியது. 1961இல் மத்திய அரசு காண்டோமினியம் வீட்டுக் கடன்களுக்குக் காப்பீடு கொடுக்க முன்வந்ததும் மாநிலங்கள் வரிசையாகச் சட்டம் இயற்றின. அந்தச் சட்டத்தின் சாரம் என்ன? பிளாட் உங்களுக்கு. நிலமும் தோட்டமும் மாடிப்படியும் எல்லோருக்கும் சேர்ந்து, பிரிக்கப்படாமல். உங்கள் பங்கு இத்தனை சதவீதம் என்று எழுதலாம், ஆனால் 'இந்த மரம் என் பங்கு' என்று கோடு போட முடியாது. நம்ம ஊரில் பிளாட் வாங்குபவர்கள் பத்திரத்தில் தேடும் யூ.டி.எஸ். என்ற பிரிக்கப்படாத பாகமும் இதே கருத்துதான். தமிழ்நாட்டில் இதற்காக 1994இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 2022இல் புதிய சட்டமும் வந்தன. சன்னிசைட்டின் முற்றங்கள் இந்த முறையில் எழுதப்பட்டிருந்தால் 1964 ஒரு சாதாரண வருடமாகப் போயிருக்கும்.

சன்னிசைட்டை வடிவமைத்தவர்களே அடுத்த தடவை வேறு வழியில்தான் போனார்கள். அதே கம்பெனிக்காக ஸ்டீனும் ரைட்டும் நியூ ஜெர்சியில் திட்டமிட்ட ராட்பர்ன் ஊரில் 1929இல் முதல் குடும்பங்கள் குடிவந்தன. அங்கே உள்பூங்காக்கள் 23 ஏக்கர். தனித்தனி வீட்டுக்காரர்கள் பெயரில் அல்ல, ராட்பர்ன் அசோசியேஷன் பெயரில். கம்பெனி திவாலான பிறகும் அந்தப் பூங்காக்கள் உடையவில்லை.

சன்னிசைட்டில் நகராட்சி 1974இல் தலையிட்டது. பாதுகாக்க வேண்டிய திட்டமிட்ட குடியிருப்பு என்று அறிவித்து, புதிதாகக் கட்டவோ வேலி போடவோ சிறப்பு அனுமதி வேண்டும் என்றது. ஆனால் கண்காணிப்பு தளர்வாகவே இருந்தது. 1984இல் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் பெயர் ஏறியது. அது கௌரவமே தவிர கடிவாளம் இல்லை. 2007இல் நியூயார்க் நகரின் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்க முயன்றபோது அக்கம்பக்கமே இரண்டாகப் பிரிந்தது. ஒரு தரப்பு, இப்போதாவது மிச்சத்தைக் காப்பாற்றுங்கள் என்றது. இன்னொரு தரப்பு, ஒரு ஜன்னல் மாற்றக் கூட அரசாங்கத்திடம் போய் நிற்க வேண்டுமா, செலவை யார் தருவார்கள் என்று கேட்டது. இரண்டு தரப்பும் ஒரே முற்றத்தின் எதிரெதிர் வீடுகளில் இருந்தார்கள் என்பதுதான் கொடுமை. ஜூன் மாதம் அறிவிப்பு வந்தது.

அந்த அறிவிப்பு புது வேலிகளைத் தடுக்கும். பழைய வேலிகளைப் பிடுங்காது. அதனால் இன்றைக்கு அங்கே போனால் சில முற்றங்களில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 1920களில் வரைந்தபடியே புல்லும் நிழலுமாகத் தெரியும். வேறு சில முற்றங்களில் கொஞ்ச தூரம் நடந்ததும் ஒரு வேலி வந்து நிற்கும். வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும் பிளேன் மரத்தின் கிளைகள் அந்தப் பக்கத்து வீடுகளின் மேல் படர்ந்திருக்கும்.