உழாத ஓரத்தில் பிழைத்த பூ

நேப்பர்வில்லின் தெற்குப் பக்கத்தில் வெர்மான்ட் இடுகாடு என்று ஒன்று இருக்கிறது. மொத்தம் ஒரு ஏக்கர். 19ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய விவசாயிகளின் கல்லறைகள். சுற்றிலும் வேலி, வெளியே நின்றுதான் பார்க்கலாம். கல்லறைகளுக்கு நடுவே ஆள் உயரப் புல். ஊருக்குப் புதிதாக வந்தபோது, யாரும் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் போல என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறேன். இல்லினாய் மாநிலத்தில் கலப்பை படாமல் மிஞ்சிய மண் அது என்பது பிறகு தெரிந்தது.

இந்த மாநிலத்தில் ஒரு காலத்தில் சுமார் 2 கோடி 20 லட்சம் ஏக்கர் பிரெய்ரி புல்வெளி இருந்தது. அதில் கெடாமல் இன்று மிஞ்சியிருப்பது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆழமாக வேரோடிய புல். அடியில் பிசுபிசுத்த கரிய மண். வார்ப்பிரும்புக் கலப்பையால் அதைப் புரட்ட முடியவில்லை, மண் ஒட்டிக்கொண்டது. 1837இல் ஜான் டியர் என்ற கொல்லர் இதே மாநிலத்தின் கிராண்ட் டிடூர் என்ற சிற்றூரில் வழுவழுப்பான எஃகுக் கொழு வைத்த கலப்பை செய்தார். மண் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் புல்வெளி முழுக்கச் சோளக்காடாகிவிட்டது. உழாமல் விட்டவை பெரும்பாலும் இரண்டு இடங்கள்: பிணம் புதைத்த இடம், ரயில் பாதையின் ஓரம்.

என் வீட்டு முன்புறத்தில் ஜூலை மாதம் பூக்கும், அந்தப் புல்வெளிகளின் செடியான எக்கினேசியாவைப் பற்றிப் பேச வந்துதான் இடுகாட்டில் தொடங்கினேன். நர்சரிக்குப் போனால் வண்ணச் சீட்டு குத்தி, இந்த வருடத்துப் புது ரகம் என்று விற்கிறார்கள். ஊதா இதழ்கள் கீழே தொங்க, நடுவில் கூம்பாக, முள்முள்ளாக எழும் இந்தப் பூவுக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. அது தெரியாமல் இதை நடுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதலில் இது பூவாக மதிக்கப்பட்ட செடியே அல்ல. அமெரிக்கச் சமவெளியின் பூர்வகுடிகளுக்கு இது வேர். குறுகிய இலைகொண்ட வகையின் வேரை லகோட்டா மக்கள் பல்வலிக்கும் தொண்டைப் புண்ணுக்கும் மென்றார்கள். பாம்புக்கடிக்கு அரைத்துப் போட்டார்கள். மிசௌரி ஆற்றுப் பகுதி மக்கள் செடிகளை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று மெல்வின் கில்மோர் 1919இல் எழுதிய நூலில் இப்படிப் பல பயன்கள் இருக்கின்றன. காய்ந்த பூத்தலையை ஒமாஹா மக்கள் சீப்பாக வைத்துத் தலை வாரினார்கள் என்றும் சொல்வார்கள். செப்டம்பர் கடைசியில் ஒரு தலையை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பாருங்கள், நம்பத் தோன்றும்.

ஒரு வசந்தத்தில் சாத்தூரிலிருந்து வந்திருந்த அம்மா, நான் செடியைப் பிரித்து நடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு துண்டு வேரைக் கழுவிக் கடித்துப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில், "அக்கரகாரம் மாதிரியில்லடி சுருசுருங்குது" என்றாள். நாக்கு லேசாக மரத்து, எச்சில் ஊறுகிறது. அம்மா சொன்னது சரி. இரண்டும் சூரியகாந்திக் குடும்பம். இரண்டின் வேரிலும் ஆல்கமைடு வகைச் சேர்மங்கள் இருக்கின்றன. பல்வலிக்கு நம் நாட்டு மருந்துக் கடையில் தேடுகிற குணத்தையே இந்தச் சமவெளிக்காரர்களும் தங்கள் மண்ணில் கண்டுகொண்டார்கள்.

அந்த அறிவு கைமாறிய விதம் அவ்வளவு அழகானதல்ல. நெப்ராஸ்காவின் பானி சிட்டியில் எச். சி. எஃப். மேயர் என்றொருவர், மருத்துவம் படிக்காதவர், இந்த வேரை வைத்து இரத்தசுத்தி மருந்து விற்றுவந்தார். 1880களில் சின்சினாட்டியில் இருந்த மருத்துவர் ஜான் கிங், மருந்தாளுநர் ஜான் யூரி லாய்ட் இருவருக்கும் செடியை அனுப்பினார். தம் மருந்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. நேரில் வந்து, கிலுகிலுப்பைப் பாம்பைத் தம்மைக் கடிக்கவிட்டு, அதே மருந்தால் பிழைத்துக் காட்டுவதாக லாய்டிடம் சொன்னார். லாய்ட் வேண்டாம் என்றுவிட்டார். 1887இல் கிங்கும் மேயரும் சேர்ந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். அதற்குப் பிறகு லாய்ட் சகோதரர்களின் மருந்து நிறுவனத்தில் எக்கினேசியா சக்கைப்போடு போட்டது. 1909இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதை ஏற்கத்தக்க மருந்தல்ல என்று ஒதுக்கியும் விற்பனை உடனே படுத்துவிடவில்லை. அத்தனை வேரும் தோட்டத்தில் விளைந்ததல்ல. கான்சஸ், நெப்ராஸ்கா மேய்ச்சல் நிலங்களில் தோண்டி எடுத்தது. ஆணிவேரை எடுத்தால் பல செடிகள் பிழைப்பதில்லை. கலப்பைக்குத் தப்பிய நிலத்துக்கு மண்வெட்டி வந்தது.

செடியைக் காப்பாற்றிய திருப்பம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1930களின் இறுதியில் ஜெர்மனியின் கெர்ஹார்ட் மடாவுஸ் விதை தேடி அமெரிக்கா வந்தார். குறுகிய இலை வகை என்று அவர் வாங்கிப்போனது, விளைந்தபோது அகன்ற இலைகொண்ட பர்பூரியாவாக இருந்தது. அதையே பயிரிட்டு மருந்து செய்தார். பர்பூரியா பயிருக்கு ஏற்றது: ஆணிவேருக்குப் பதில் சல்லிவேர், சுலபமாக முளைக்கும், பிரித்து நடலாம். ஐரோப்பியத் தோட்டக்காரர்களுக்கு 18ஆம் நூற்றாண்டிலேயே இதன் பழக்கம் உண்டு. 1753இல் லின்னேயஸ் இதை ருட்பெக்கியா என்ற பேரினத்தில் சேர்த்தார். 1794இல் மோன்ச் பிரித்து எக்கினேசியா ஆக்கினார். இன்று நம் வீடுகளில் இருப்பது இந்தப் பர்பூரியாதான். இங்குள்ள வறண்ட பிரெய்ரியின் சொந்தக்காரி வேறு: ஒடிசலான வெளிர் இதழ்கள் தொங்கும் பல்லிடா. பர்பூரியா மர நிழலோரத்துச் செடி. இரண்டையும் வைத்திருக்கிறேன், என் கண் பல்லிடாவிடம்தான் போகிறது.

1960களில் சிகாகோவின் உயிரியல் பேராசிரியர் ராபர்ட் பெட்ஸ் பழைய இடுகாடுகளையும் ரயில் ஓரங்களையும் சுற்றி, மிஞ்சிய புல்வெளித் துண்டுகளைத் தேடினார். வெர்மான்ட் இடுகாடும் அவர் பார்வைக்கு வந்த ஒன்று. பிறகு எங்கள் வீட்டுக்கு வடக்கே பட்டேவியாவில் ஃபெர்மிலாப் அணுத்துகள் ஆய்வகம் வந்தது. அதன் பெரிய வளையத்துக்குள் கிடந்த சோள நிலத்தை மறுபடி புல்வெளியாக்கலாம் என்று பெட்ஸ் போய்ச் சொன்னார். எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டார் இயக்குநர் ராபர்ட் வில்சன். 5 வருடம், 10 வருடம், 20 வருடம்கூட ஆகலாம் என்றார் பெட்ஸ். அப்படியானால் இன்று மதியமே தொடங்குவோம் என்றாராம் வில்சன். 1975இல் முதல் விதைப்பு. விதையெல்லாம் தன்னார்வலர்கள் கையால் சேர்த்தது. இன்றைக்கு அங்கே சுமார் 1,000 ஏக்கர் பிரெய்ரி.

இலையுதிர் காலத்தில் விதை பறிக்க அங்கே ஆள் கூப்பிடுவார்கள். நானும் போவேன். கையுறை போட்டும் பூத்தலை குத்தும். பக்கத்தில் பறிப்பவர் ஓய்வுபெற்ற இயற்பியலாளராக இருப்பார், அல்லது பள்ளிக்கூடப் பிள்ளையாக. அங்கே பறித்த விதை அந்த நிலத்துக்கே போகும், வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது. அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும்.

டென்னஸி எக்கினேசியாவின் கதையும் இந்த மீட்புக்கு நெருக்கமானது. நாஷ்வில் அருகே மூன்று கவுண்டிகளின் சுண்ணாம்புப் பாறைவெளியில் மட்டும் வளர்வது, இதழ்கள் மேல்நோக்கி நிமிர்ந்தவை. அற்றுப்போனது என்று எழுதிவைத்திருந்தார்கள். 1960களின் இறுதியில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் எல்ஸி குவார்ட்டர்மன் அதை மறுபடி கண்டார். 1979இல் அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்து, நிலம் வாங்கி, நட்டுப் பெருக்கி, 2011இல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

இந்த உழைப்பெல்லாம் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில் தோட்ட வியாபாரம் வேறு திசையில் ஓடியது. 1998இல் 'மேக்னஸ்' ரகம் ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடியானது. நல்ல செடி, குறை சொல்ல ஒன்றுமில்லை. 2000களில் மஞ்சள் நிறப் பாரடாக்ஸாவோடு பர்பூரியாவைக் கலந்து சிகாகோ தாவரவியல் தோட்டத்தில் ஜிம் ஆல்ட் ஆரஞ்சுப் பூவை உருவாக்கினார். அதன் பிறகு பவழம், தக்காளிச் சிவப்பு, பஞ்சுப் பந்து போன்ற அடுக்குப் பூ என்று வெள்ளம்தான். கலப்பின வகைகளில் பல இந்த ஊர்க் குளிரைத் தாண்டுவதில்லை. அடுக்குப் பூவில் தேனீ உட்கார்ந்து உறிஞ்ச இடமே இல்லை, நடுக்கூம்பின் சிறு பூக்கள் இதழாகிவிட்டன. தேனும் விதையும் இல்லாத எக்கினேசியாவை நான் வாங்க மாட்டேன். கேட்டவர்களிடமும் அதையே சொல்கிறேன்.

வளர்ப்பதில் பெரிய வித்தை இல்லை. தண்ணீர் தேங்காத இடம், அரைநாளாவது வெயில். உரம் போடாதீர்கள், தண்டு நீண்டு சாய்ந்துவிடும். விதையை நவம்பரில் வெறும் மண்ணில் தூவி லேசாக மிதித்துவிட்டால் போதும். பல்லிடா விதைக்கு ஈரக்குளிர் பட்டே ஆக வேண்டும், பனிக்காலம் அதைப் பார்த்துக்கொள்ளும். பூக்க இரண்டாம் வருடம் ஆகும், பல்லிடா இன்னும் தாமதிக்கும். பூத்தலையிலிருந்து பச்சைக் கொத்தாக விகாரமாகக் கிளம்பினால் அது ஆஸ்டர் மஞ்சள் நோய். தத்துப்பூச்சி பரப்புவது, மருந்தில்லை, வேரோடு பிடுங்கிக் குப்பையில் போடுங்கள். காய்ந்த தண்டுகளை மட்டும் மார்ச் வரை வெட்டாதீர்கள். கோல்ட்ஃபிஞ்ச் குருவிகள் விதைக்கு வரும். கருகிய தண்டுகளைப் பார்த்து வீட்டுமனைச் சங்கத்திலிருந்து கடிதம் வரக்கூடும். எனக்கு வந்தது. என்ன செடி, ஏன் வெட்டவில்லை என்று ஒரு பக்கம் எழுதிப் பதில் போட்டேன். அடுத்த வசந்தத்தில் அந்தச் சங்கத்துக்காரர் ஒருவரே கன்று கேட்டு வந்து நின்றார்.