பாதி உயிருள்ள எஞ்சின்: மன்னார்க் கரையை வைத்து ஒரு கணக்கு

விமானம் மேலெழுந்தவுடன் எஞ்சின் வலுவிழந்தால் என்ன செய்வது என்பதைக் கற்பிக்கும் ஆசிரியர், வழக்கமாக த்ரொட்டிலை முழுவதும் பின்னுக்கிழுத்துக் காட்டுவார். மாணவர் மூக்கைத் தாழ்த்தி, முன்னால் இறங்க இடம் தேடுவார். இப்பயிற்சி தேவையானது, ஆனால் போதாது. அடியோடு நின்ற எஞ்சினைவிடத் திக்கித்திக்கி ஓடும் எஞ்சினே கூடுதலாக உயிர் வாங்குகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அவுஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகத்தின் ஆய்வு இதற்குச் சான்று. 2000 முதல் 2010 வரை, ஒற்றை எஞ்சின் விமானங்கள் எழுந்தபின் வலுவில் ஒரு பகுதியை இழந்த 242 நிகழ்வுகளில் 9 உயிரிழப்பு விபத்துகளாயின. எஞ்சின் முற்றாக நின்ற 75 நிகழ்வுகளில் உயிரிழப்பே இல்லை. நின்ற எஞ்சின் விமானியின் முடிவை எளிதாக்கிவிடுகிறது. இருமும் எஞ்சின் ஆசை காட்டி ஓடுபாதைக்குத் திரும்பச் சொல்கிறது.

அந்த ஆசையை மன்னாரில் வைத்து எடைபோடுவோம். தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’யின் 30 காற்றாலைகளைச் சுழற்றும் சோழகத்தை எதிர்த்து, செஸ்னா 152 போன்ற ஒரு விமானம் எழுவதாகக் கொள்வோம். 150 மீற்றர் உயரத்தில் வலு போகிறது. சறுக்குவேகம் மணிக்கு 120 கிலோமீற்றர். 9 மீற்றர் முன்செல்ல 1 மீற்றர் இறங்கும். திகைப்பு நீங்க 4 விநாடி: 15 மீற்றர் போயிற்று. திரும்பும்போது விமானம் பக்கவாட்டில் விலகிவிடுவதால் 180 பாகை போதாது. 210 பாகை திரும்பி, 30 பாகை மறுபுறம் மடங்க வேண்டும். 30 பாகைச் சரிவில் இதற்கு 25 விநாடி, ஏறத்தாழ 115 மீற்றர். மிஞ்சுவது 20 மீற்றர். அவசரத்தில் சரிவை 45 பாகையாக்கினால், இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும் வேகம் 19 விழுக்காடு உயர்கிறது. 60 பாகையில் 41 விழுக்காடு.

காற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிலம் தொடும் வேகம் 90, காற்று 35 கிலோமீற்றர் என்றால், எதிர்காற்றில் தரைவேகம் 55. திரும்பி வந்தால் 125. மோதலின் ஆற்றல் ஐந்து மடங்குக்கும் மேல். நேர்முன்னே ஆழமற்ற கடல் இருந்தாலும், கதவைத் திறந்துவைத்து 55இல் இறங்குவதே மேல்.

பாதி வலுவோடு உயரம் குறையாமல் பறக்க முடிந்தால் திரும்பலாமே என்பது நியாயமான மறுப்பு. ஆனால் வலு குறைந்த காரணம் தெரியாதபோது, எஞ்சிய பாதி திருப்பத்தின் நடுவிலும் போகலாம். நேராக ஏறி, போதிய உயரம் சேர்ந்தபின் திரும்புவதே அந்த மறுப்புக்கு இடம்கொடுக்கும் எல்லை.

காரணங்களில் சில தரையிலேயே பிடிபடும். ஈரக் கடற்காற்றில் அரைகுறையாக நிரம்பிய தாங்கியில் நீர் வியர்க்கும். காலையில் வடித்தெடுத்த நீலநிற எரிபொருளின் அடியில் அது நிறமற்ற முத்தாகத் திரண்டு நிற்கும். முத்துக்குப் பேர்போன இக்கரையில் எவரும் விரும்பாத முத்து அது. இன்னொன்று, வெயிலூரிலும் கார்புரேற்றருக்குள் உறையும் பனி. குறைந்த வலுவில் காத்துநிற்கும் நேரத்தில் அது சேரும் என்பதால், எழுவதற்குச் சற்றுமுன் வெப்பக்காற்றைத் திறந்து பார்க்க வேண்டும்.

2023 ஆகஸ்ட் 7 அன்று திருகோணமலை சீனன்குடாவில் விமானப்படையின் பீ.டி.-6 பயிற்சி விமானம் எழுந்த சிறிது நேரத்திலேயே விழுந்து இருவர் உயிரிழந்தனர். காரணம் எதுவானாலும், அந்த உயரத்தில் யோசிக்க அவகாசமில்லை. ஆகவே எந்த உயரம்வரை நேரே இறங்குவது என்பதை விமானி ஓடுபாதையில் நிற்கும்போதே வாய்விட்டுச் சொல்லட்டும். ஆசிரியரும் சிலவேளை த்ரொட்டிலைப் பாதியில் நிறுத்தி, மாணவர் அந்தச் சொல்லைக் காக்கிறாரா என்று பார்க்கட்டும்.