குளிர்காலத்துல முடிக்கு கலர் பண்ணப் போறீங்களா? பொங்கலுக்கு முன்னாடி இந்த ‘24 மணி நேர டெஸ்ட்’டை மறந்துடாதீங்க!

மார்கழிப் பனி ஆரம்பிச்சாச்சு. செல்போனைத் திறந்தாலே ‘வின்டர் ஹேர் கலர்’ வீடியோக்கள்தான். ஆனா, அந்த வீடியோக்களில் வர்ற குளிர் வேற, நம்ம ஊர் குளிர் வேற. புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டை மாதிரியான ஊர்களில் விடியற்காலையில் பனி இருக்கும், மதியம் வெயில் சுள்ளுனு அடிக்கும். இங்கே முடியின் கலரைக் கெடுப்பது பனி இல்லை. வெயில், உப்பு கலந்த போர் தண்ணீர், குளிருக்கு இதமாக ஊற்றிக்கொள்ளும் வெந்நீர், இந்த மூன்றும்தான்.

இன்னொரு விஷயமும் இருக்கு. மார்கழியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். தை பிறந்ததும் பொங்கல், ஜல்லிக்கட்டு, காதுகுத்து, கல்யாணம் என விசேஷங்கள் வரிசை கட்டும். அதனால் பலரும் விசேஷத்துக்கு முந்தின நாள் ராத்திரி அவசர அவசரமாக டை போடுகிறார்கள். பிரச்னையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. என்ன கலர் போடலாம், எப்படிப் பாதுகாக்கலாம், எதில் கவனமாக இருக்கணும்? பார்க்கலாம்.

நம்ம கருப்பு முடிக்கு எந்த கலர் எடுபடும்?

ப்ளீச் செய்யாமலே எடுபடும் நிறங்கள்: டார்க் சாக்லேட் பிரவுன், பர்கண்டி, மஹோகனி. நிழலில் கருப்பாகத் தெரியும், வெயிலில் நின்றால் பளிச்சென்று மின்னும். முதல்முறை கலர் பண்றவங்களுக்கு இதுவே போதும்.

கேரமல், தேன் நிறம், சாம்பல் நிறம் எல்லாம் வேண்டும் என்றால் முதலில் ப்ளீச் செய்து கருப்பை எடுக்கணும். ப்ளீச் முடியின் மேல் அடுக்கையும் உள்ளே இருக்கும் புரதத்தையும் பாதிக்கும். அதனால் தலை முழுக்கச் செய்யாமல், முகத்தை ஒட்டிய சில கற்றைகளில் மட்டும் ஹைலைட் செய்வது பாதுகாப்பானது.

ஏற்கெனவே கருப்பு டை போட்ட முடியின் மேல் பிரவுன் கலர் பூசினால் அது பிரவுன் ஆகாது. ஒரு செயற்கை நிறம் இன்னொரு செயற்கை நிறத்தை வெளுக்க வைக்காது.

நரை இருந்தா மருதாணி போதுமா?

மருதாணி இலையில் இருக்கும் ‘லாசோன்’ என்ற பொருள் ஆரஞ்சு கலந்த சிவப்பு நிறத்தை மட்டுமே தரும். கருப்பு தராது. நரைமுடி கருப்பாக வேண்டும் என்றால் இரண்டு கட்டமாகச் செய்யணும்.

• முதலில் மருதாணி போட்டு 2 மணி நேரம் வைத்து அலசவும்.
• பிறகு அவுரி இலைப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, உடனே பூசி ஒரு மணி நேரம் கழித்து அலசவும்.
• ஓரிரு நாளில் நிறம் இன்னும் ஆழமாகும். அதுவரை ஷாம்பு வேண்டாம்.

குளிர்காலத்தில் மருதாணி விழுது நிறம் விட அதிக நேரம் எடுக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து கூடுதல் நேரம் ஊறவிடுங்க. காலைப் பனியில் ஈரத்தலையோடு உட்காராமல், மதிய நேரத்தில் போடுவது நல்லது.

‘கருப்பு மருதாணி’ன்னு விற்கிறாங்களே, அது என்ன?

ஒரே தடவையில் கருப்பாக்கும் பல பொடிகளில் பாரா-ஃபீனைலீன்டையமின், சுருக்கமாக பி.பி.டி என்ற ரசாயனம் கலந்திருக்கும். பெரும்பாலான நிரந்தர ஹேர் டைகளிலும் இது உண்டு. அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 2006-ல் இதைத்தான் ‘அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என அறிவித்தது. ஐரோப்பிய யூனியனில் முடியில் பூசும் கலவையில் இது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

‘அம்மோனியா இல்லாதது’, ‘ஹெர்பல்’ என்று பாக்கெட்டின் முன்பக்கம் இருந்தால் பி.பி.டி இல்லை என்று அர்த்தம் இல்லை. பின்பக்கத்தில் உள்ள பொருட்களின் பட்டியலைப் படிக்கணும். சில பொடிகளில் உலோக உப்புகள் இருக்கும். அதன் மேல் ப்ளீச் பட்டால் சூடேறி முடி பொசுங்கிவிடும். பார்லருக்குப் போனால், இதுவரை என்னென்ன போட்டிருக்கீங்க என்பதை மறைக்காமல் சொல்லிடுங்க.

‘பத்து வருஷமா போடுறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே?’

பலரும் சொல்வது இதுதான். ஆனால் ஒவ்வாமை முதல் தடவையே வரணும்னு இல்லை. பல முறை போட்ட பிறகும் உடம்பு திடீரென அதை எதிர்க்க ஆரம்பிக்கலாம். டை போட்டு 1 முதல் 3 நாளுக்குள் அரிப்பு, கொப்புளம், கண் இமை வீக்கம் வருவதுதான் வழக்கம். அதாவது முந்தின ராத்திரி டை போட்டால், வீக்கம் வருவது சரியாக விசேஷத்தன்று!

கையில் போட்ட கருப்பு மெஹந்தியாலோ தற்காலிக டாட்டூவாலோ முன்பு புண் வந்தவர்கள் ஹேர் டையைத் தொடவே வேண்டாம். தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்க.

டெஸ்ட் செய்வது எப்படி?

இந்த டெஸ்ட் பற்றிய எச்சரிக்கை ஹேர் டை பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்று இந்தியச் சட்ட விதிகளே சொல்கின்றன.

• காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கமோ சோப்பு போட்டுக் கழுவவும்.
• கலந்து வைத்த டையில் கொஞ்சம் பூசி, காயவிடவும்.
• 24 மணி நேரம் கழித்துக் கழுவவும். சிவப்போ அரிப்போ இருந்தால் அந்த டை உங்களுக்கு வேண்டாம். சிலருக்குத் தாமதமாக வரும் என்பதால் 48 மணி நேரம் கவனிப்பது இன்னும் நல்லது.
• ஒவ்வொரு முறை போடும்போதும் டெஸ்ட் செய்யணும்.

புருவம், இமை, இரண்டிலும் ஹேர் டை கூடவே கூடாது. கண்பார்வையே போகலாம்.

கலர் மங்காமல் இருக்க...

• கலர் பண்ணிய 2 நாளைக்கு ஷாம்பு வேண்டாம்.
• வெந்நீரைத் தலையில் ஊற்றாதீங்க. வெதுவெதுப்பான தண்ணீரே போதும்.
• போர் தண்ணீர் உப்பாக இருந்தால், கடைசி அலசலுக்கு மட்டுமாவது பிடித்து வைத்த மழைத்தண்ணீரையோ நல்ல தண்ணீரையோ பயன்படுத்துங்க.
• சல்பேட் இல்லாத ஷாம்பு, பிறகு கண்டிஷனர். முதல் வாரம் சீயக்காய், அரப்பு போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம்.
• பைக்கில் போகும்போது வெயில் படாமல் முடியைத் துப்பட்டாவால் மூடிக்கோங்க.
• முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ வளரும். அதனால் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை வேர்ப்பகுதிக்கு மட்டும் டச்-அப் செய்தால் போதும். மறுபடி முழுத் தலைக்கும் போட வேண்டாம்.

எப்போ ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

அரிப்பு ஆரம்பித்தால் உடனே நிறைய தண்ணீரில் அலசிட்டு டாக்டரைப் பாருங்க. முகம், உதடு, தொண்டை வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் 108-க்கு போன் பண்ணுங்க. டை பாக்கெட்டுகளைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைங்க. வயிற்றுக்குள் போனால் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும், சிறுநீரகம் பாதிக்கும், உயிருக்கே ஆபத்து.

சரி, எப்போ போடலாம்?

கணக்கு ரொம்ப எளிது. விசேஷத்துக்கு 10 நாள் முன்னாடி டெஸ்ட், ஒரு வாரம் முன்னாடி கலர். ஜனவரி 14 அல்லது 15-ல் பொங்கல் என்றால், ஜனவரி முதல் வாரத்திலேயே வேலையை முடிச்சிடுங்க. கலர் பிடிக்கலைன்னா மாற்றவும் நேரம் இருக்கும். தோல் ஒத்துக்கலைன்னா தெரிஞ்சுக்கவும் நேரம் இருக்கும்.