கண்ணாடிச் சுவரும் கணினிச் சல்லடையும்

ஈழத்தின் தொல்பொருட் சின்னங்களுள் சீகிரியாவின் கண்ணாடிச் சுவர் ஒருவகையில் விந்தையானது. அதற்குப் பெரும்புகழ் தேடித்தந்தவன் குன்றின்மீது அரண்மனை எழுப்பிய காசியப்பன் (477–495) அல்லன். அழைப்பின்றி வந்து அதில் எழுதிச் சென்ற வழிப்போக்கரே. பெரும்பாலும் 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையில், ஓவியங்களைக் காணக் குன்றேறியோர் தம் உள்ளத்தில் எழுந்தவற்றைச் சுவரின் சுண்ணச்சாந்திற் கீறிவைத்தனர். ஒன்றன்மேல் ஒன்றாகவும் பிற்காலக் கிறுக்கல்களோடு பின்னியும் கிடந்த அக்கீறல்களிலிருந்து 685 பாடல்களைப் பிரித்தறிந்து, செனரத் பரணவிதான 1956இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். இன்றோ அச்சுவரில் எழுதுவது குற்றமாகும். 2015இல் அதில் எழுதிய இளம்பெண் ஒருவருக்கு ஈராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் சனாதிபதியின் மன்னிப்பினாலேயே அவர் விடுதலை பெற்றார். வேண்டுவது எது, வேண்டாதது எது என்னும் வரையறை காலந்தோறும் மாறுவது என்பதற்கு இச்சுவரைவிடச் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை.

அழையாது வரும் எழுத்தை இனங்காணும் இச்சிக்கல் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மின்னஞ்சலிலும் தலைதூக்கியது. 1978 மே மாதத்தில் அமெரிக்கக் கணினி நிறுவனமொன்றின் விற்பனை அலுவலரான கேரி துர்க், ஆர்ப்பாநெட் வலையமைப்பைப் பயன்படுத்திய ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். வேண்டா அஞ்சலின் வரலாறு இதிலிருந்தே தொடங்குவதாகக் கூறுவர். 1990களில் இணையம் பொதுமக்களிடம் பரவியபோது இவ்வகை அஞ்சல் வெள்ளமாய்ப் பெருகிற்று. பரணவிதான ஒவ்வொரு கீறலையும் ஆறஅமர நோக்கினார்; அஞ்சல் வழங்கிக்கு அத்தகைய ஓய்வு கிடையாது.

2001இல் அயர்லாந்தைச் சேர்ந்த ஜஸ்டின் மேசன் வெளியிட்ட ‘ஸ்பாம் அசாசின்’ என்னும் மென்பொருள் இத்துறையில் நிலைத்த செல்வாக்குப் பெற்றது. அதன் முறை எளிது. ஐயத்துக்குரிய சொற்றொடர், பொய்யான முகவரி முதலிய ஒவ்வோர் அடையாளத்துக்கும் ஒரு விதி. ஒவ்வொரு விதிக்கும் ஒரு புள்ளி. பொருந்திய விதிகளின் புள்ளிகள் கூடி ஐந்தை எட்டினால் அம்மடல் வேண்டா அஞ்சல் எனக் குறியிடப்படும். ஆயினும் விதிகள் நூற்றுக்கணக்காகப் பெருகியபோது ஓர் இடர் தோன்றியது. ஒரு மடலை முதல் விதிக்காக ஒருமுறை தொடக்கமுதல் இறுதிவரை படித்து, இரண்டாம் விதிக்காக மீண்டும் படித்து, இவ்வாறே இறுதி விதிவரை படிக்கவேண்டியிருந்தது. ஒரே ஓலைச்சுவடியில் நூறு சொற்களைத் தேடுபவன் அதனை நூறு முறை புரட்டுவது போன்ற வீண்வேலை இது.

இதற்கான தீர்வு வேண்டா அஞ்சலினும் மூத்தது. 1968இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கென் தாம்சன், தேடவேண்டிய எழுத்துவடிவத்தை முன்னதாகவே இயந்திரக் கட்டளைகளாகத் தொகுத்துக்கொள்ளும் வழியை வெளியிட்டார். 1975இல் அதே கூடத்தின் ஆல்பிரட் ஆஹோவும் மார்கரெட் கொரசிக்கும் பல சொற்களை ஒரே வாசிப்பில் தேடும் முறையை வகுத்தனர். ‘பரிசு’, ‘பரிகாரம்’ என்னும் இரு சொற்களைத் தேடுவதாகக் கொள்வோம். இரண்டுக்கும் ‘பரி’ பொதுவானது. ஆதலின் அதுவரை வழி ஒன்றே. அடுத்து ‘சு’ வரின் ஒரு கிளை, ‘கா’ வரின் மற்றொரு கிளை. வேறெது வந்தாலும் இரண்டும் ஒருங்கே கைவிடப்படும். படித்த எழுத்துக்குத் திரும்பவேண்டிய தேவையே இல்லை. இம்முறை முதலிற் பயன்பட்டது நூலக நூற்பட்டியலைத் தேடுவதற்கே என்பதும், அத்தேடல் ஐந்து முதல் பத்து மடங்கு விரைவுற்றது என்பதும் நோக்கத்தக்கன. நூலகத்துக்குப் பிறந்த கருவி குப்பை அஞ்சலைக் கூட்டித்தள்ள வந்தமை வரலாற்றின் குறும்பு போலும்.

இக்கருத்து ஸ்பாம் அசாசினுக்கு வந்துசேர்ந்தது 2007இல் வெளியான அதன் 3.2.0 பதிப்பிலாகும். மடலின் உடற்பகுதியை ஆராயும் விதி ஒவ்வொன்றிலும் தவறாது வந்தே தீரவேண்டிய எழுத்துத்தொடர் முதலிற் பிரித்தெடுக்கப்படும். பின்னர் 1990களில் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஆர்ஈ2சி’ என்னும் கருவி, அத்தொடர்கள் அனைத்தையும் ஒரே வருடியாக்கிச் சி மொழியில் நிரலெழுதித் தரும். மடலை அவ்வருடி ஒருமுறை படித்து, எவ்வெவ்விதிகள் பொருந்தக்கூடும் எனச் சுட்டும்; அச்சில விதிகள் மட்டுமே முழுமையாகச் சோதிக்கப்படும். ஏனையவற்றைத் தொடவும் வேண்டியதில்லை.

விரைவுக்கு விலையும் உண்டு. தனிப் பயனர் தமக்கென எழுதிய விதிகள் இத்தொகுப்பினுட் சேரா. விதி மாறுந்தோறும் மீண்டும் தொகுத்தல் வேண்டும்.  தமிழருக்கு உறைக்கும் செய்தி ஒன்றும் உண்டு. மடலின் தலைப்பு வரியில் எட்டுப் பிட் எழுத்துகள் முறைப்படி குறிமாற்றம் பெறாது மிகுந்திருப்பின் அதனைக் குற்றமாகக் கணிக்கும் விதியொன்று இம்மென்பொருளில் இருந்தது. யுனிகோடு பரவுமுன் திஸ்கி போன்ற குறிமுறைகளில் தமிழை அவ்வாறே இட்டு அனுப்பியவர், ஒரு தீங்கும் எண்ணாமலே ஐயத்துக்கு ஆளாகக்கூடிய நிலை இருந்தது.

முன்கூட்டியே வகுத்த விதி காலத்தாற் பிழைபடுவதை 2010 புத்தாண்டு நாள் வெளிப்படையாகக் காட்டியது. 2010 முதல் 2099 வரையான ஆண்டைத் தாங்கிய மடல் நெடுந்தொலை எதிர்காலத்ததாகையாற் பொய்யானது என முன்பொரு நாள் எழுதிவைத்த விதி, அன்று வந்த நேர்மையான மடல்களையும் பற்றிக்கொண்டது. தலைப்பகுதியைச் சார்ந்த அவ்விதி மேற்கூறிய தொகுப்பினுள் அடங்குவதன்று. எனினும் மறதி ஒன்றே. ஐந்தில் மூன்றுக்கு மேற்பட்ட புள்ளியை அது தானே வழங்கிற்று. சிறு குறை இன்னொன்று சேர்ந்தாலே மடல் ஒதுக்கப்பட்டது. திருத்தம் அன்றே வெளியாயிற்று.

ஸ்பாம் அசாசின் எம்மடலையும் தானாக அழிப்பதில்லை, குறியிடுவதோடு நின்றுவிடும். அழிப்பதும் ஒதுக்கிவைப்பதும் அவ்வவ்விடத்து நிருவாகியின் ஏற்பாடு. குறியிட்டவற்றைத் தனிப்பெட்டியில் வைத்திருந்த இடங்களில் அப்புத்தாண்டு மடல்களைப் பின்னர் தேடியெடுக்க வழி இருந்தது. உடனே அழிக்கும்படி அமைத்த இடங்களில், பரணவிதானவுக்கு வாய்த்த சுவர்போல ஒன்று எஞ்சவில்லை.