தாழிக்குள் உமி

திருச்செந்தூர் போகும் பஸ்ஸில் ஏறி ஆதிச்சநல்லூரில் இறங்கினால் ரோட்டை ஒட்டியே, அந்தக் காலத்தில் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த பரம்பு தொடங்கிவிடும். முள்ளும் சரளையுமாக 114 ஏக்கர். முப்பது வருஷமாக ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைப்பேன். பிள்ளைகளை இங்கே கூட்டிவந்த பிறகு அந்த வரிசையை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

1876இல் ஜெர்மனிக்காரர் யாகோர் இங்கே தோண்டினார். கிடைத்ததைப் பெர்லினுக்கு மூட்டை கட்டினார். தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரியா வேறு ரகம். 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் தோண்டி, பொன் நெற்றிப்பட்டம், வெண்கலப் பாத்திரம், இரும்பு ஆயுதம் என்று ஒவ்வொன்றையும் பதிந்தார். பட்டியல் 1915இல் அச்சாயிற்று. தாழிக்குள் இருந்த சட்டிகளில் நெல் உமி கிடந்ததைக்கூட அவர் விடவில்லை. பொன்னைவிட எனக்கு அந்த உமிதான் பெரிசு. உமி கையில் இருக்கிறது, அதனிடம் வயது கேட்கத்தான் வழியில்லை.

வழி பிறந்தது சிகாகோவில், மண்வெட்டியே பிடிக்காத ஒரு வேதியியல் பேராசிரியரிடம். வில்லார்டு லிபி 1949இல் சொன்ன கணக்கை எங்கள் ஊர்ப் பாஷையில் இப்படிச் சொல்வேன்: நெற்பயிர் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கார்பன்-14 வந்துகொண்டே இருக்கும். அறுத்த அன்றோடு வரவு நின்றுபோகும், செலவு மட்டும் ஓடும். இன்றைய கணக்குப்படி 5,730 ஆண்டில் பாதி தீரும். மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால் அறுவடை எப்போது என்று தெரிந்துவிடும்.

2004இல் மறுபடி தோண்டியபோது 160க்கு மேல் தாழிகள் வெளிப்பட்டன. அங்கே எடுத்த மாதிரிகளின் வயது தெரிந்ததோ 2019இல், அதுவும் மதுரையில் உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது: ஒன்று கி.மு. 905, மற்றது கி.மு. 696. மூவாயிரம் வருஷம் காத்திருந்ததற்குப் பதினைந்து வருஷம் என்ன பெரிசு என்று நினைத்தார்களோ என்னவோ!

பிறகு, இங்கிருந்து ஆற்றைத் தாண்டிய சிவகளை. அங்கே ஒரு தாழிக்குள் இருந்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள். ரியாவின் உமியிடம் கேட்க முடியாத கேள்விக்கு ஆற்றின் அக்கரை நெல் பதில் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. 2025 ஜனவரியில் அதே சிவகளையின் கரித்துண்டு ஒன்றுக்குக் கி.மு. 3345, அதை வைத்து இங்கே இரும்பு அத்தனை பழசு என்றார்கள்.

அடுத்த மாதம் பரம்பில் நின்று இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற ஒரு பிள்ளை கையைத் தூக்கினாள்.

“சார், பழைய வீட்டைப் பிரிச்ச உத்திரத்தைத்தான் எங்க ஆச்சி இந்தப் பொங்கலுக்கு எரிச்சாவ. அந்தக் கரியை அனுப்புனா எந்த வருஷத்துப் பொங்கல்னு சொல்லுவாங்க?”

மற்றவர்கள் சிரித்தார்கள். கரி மரத்தின் வயதைத்தான் சொல்லும், எரித்த நாளைச் சொல்லாது; கரியை வைத்துக் காலம் சொல்கிறவர்கள் எல்லோரும் பயப்படும் இடம் அதுதான். பஸ் வரும்வரை உத்திரத்துக்கு என்ன வயசு இருக்கும் என்று அவளிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன்.