வடகன்னடத்துச் சித்தியர்

இரயில்வே எழுத்தராக யாம் வேலையில் சேர்ந்த புதிதில், தார்வாடுக்கு மேற்கேயுள்ள அள்னாவர் நிலையத்தில் சில திங்கள் பணியாற்ற நேர்ந்தது. ஒருநாள் பயணச்சீட்டு வாங்க வந்த மூதாட்டி ஒருவரின் சுருண்ட தலைமயிரையும் முகச் சாயலையும் கண்டு வியந்து, "அம்மா, தாங்கள் எந்த நாட்டவர்?" என்று கன்னடத்தில் வினவினோம். அவர் எம்மை ஏற இறங்கப் பார்த்து, "ஹளியாள்" என்றார். அது அடுத்த ஊர். பிறகு, "நீ எந்த ஊர்?" என்று கேட்டார். "பெங்களூர்" என்றோம். "பேச்சு அப்படித் தெரியவில்லையே" என்றார். எம் பாட்டனார் வடார்க்காட்டிலிருந்து ஜோகுபாளையத்துக்குக் குடிவந்தவர் என்று சொல்ல ஏனோ நா எழவில்லை.

அம்மூதாட்டி சித்தியர் குலத்தவர். சித்தி என்றதும் தாயின் தங்கையை நினைக்க வேண்டா. அரபு மொழியில் தலைவரைக் குறிக்கும் சொல்லின் வழியே வந்த பெயர் என்பது பலர் கொள்கை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்களாகிய இவர்கள் ஹளியாள், எல்லாப்பூர், முண்டகோடு ஆகிய வட்டங்களின் காட்டோரச் சிற்றூர்களில் வாழ்கின்றனர். கொங்கணியும் கன்னடமும் பேசுவர். இவருள் இந்துக்களும் கிறித்தவரும் முகம்மதியரும் உண்டு. ஆயினும் மூவகையினரும் 'ஹிரியரு' என்று முன்னோரை வழிபடுவர்.

தக்காண வரலாறு பயின்றோர் மாலிக் அம்பரை அறிவர். 1548ஆம் ஆண்டையொட்டி எத்தியோப்பியாவில் பிறந்து, சிறுவயதிலேயே அடிமையாக விற்கப்பட்டுக் கைமாறிக் கைமாறித் தக்காணம் வந்தவர். பின்னர் அகமத்நகர் அரசைத் தாங்கி நின்று மொகலாயப் படையை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தார். அவர் தலையை அம்பால் எய்வதுபோல் ஜஹாங்கீர் ஓர் ஓவியம் வரைவித்தார். அது படத்தில்தான் நடந்தது! அம்பர் 1626இல் முதுமையில் மறைந்தார்.

மன்னரோடு பொருதியவர்க்கு ஏட்டில் இடமுண்டு. வடகன்னடத்துச் சித்தியருக்கோ அது வாய்க்கவில்லை. போர்த்துகீசியர் மொசாம்பிக்கிலிருந்து கோவாவுக்குக் கப்பலேற்றிக் கொணர்ந்த அடிமைகளுள் தப்பியோரும் விடுதலை பெற்றோரும் மலைக்காடுகளில் புகுந்தனர். அவர்தம் பெயரை யார் எழுதி வைத்தார்? அவர்களைக் கண்ட நாமும் 'காப்பிரி' என்று சொல்லிச் சிரித்ததோடு சரி. எம் பள்ளிப் பாடத்தில் இவர்களைப் பற்றி ஒரு வரியும் இருந்ததில்லை.

இக்குறை பிற நாட்டிலும் இருந்ததே. அமெரிக்காவில் கார்ட்டர் உட்சன் என்னும் கருப்பின வரலாற்றறிஞர், தம் மக்களின் வரலாற்றைப் பயில்வதற்கென 1926 பிப்ரவரித் திங்களில் ஒரு வாரத்தை ஏற்படுத்தினார். அம்பர் மறைந்து சரியாக முந்நூறு ஆண்டு! அதே மரபில் வந்த ஜோசப் ஹாரிஸ், ஆசியாவில் வாழும் ஆப்பிரிக்கரைப் பற்றி 1971இல் நூல் வெளியிட்டார். நம் மாநிலத்து மானிடவியலார் பாலாக்ஷப்பா வடகன்னடத்துச் சித்தியரைப் பற்றி 1976இல் தனிநூல் எழுதினார். 2011இல் ஐதராபாத்து ஆய்வகத்தில் குமாரசாமி தங்கராஜ் முதலிய அறிவியலார், இவர்தம் குருதியில் பாண்டு மொழிகள் பேசும் ஆப்பிரிக்க இனத்தாரின் வழி இருப்பதை மெய்ப்பித்தனர். மூதாட்டிகள் வழிவழியாகச் சொல்லி வந்ததற்கு அன்றுதான் முத்திரை விழுந்தது போலும்!

பட்டியல் பழங்குடியினர் என்ற உரிமை உத்தரகன்னடச் சித்தியர்க்கு 2003இலும், தார்வாடு, பெளகாவி மாவட்டத்தார்க்கு 2020இலும் கிட்டியது. அவ்வாண்டே சாந்தாராம் சித்தி மாநில மேலவையில் நியமன உறுப்பினரானார்.

எம்மை மிகவும் கவர்ந்தது அவர்தம் 'கவந்தி' என்னும் ஒட்டுப்போர்வையே. பழந்துணிகளைத் துண்டாக்கி, ஓரத்திலிருந்து உள்நோக்கித் தைத்துக்கொண்டே வருவர் பெண்டிர். நான்கு மூலைகளிலும் 'பூலா' என்ற மடிப்புப் பூக்கள் வைப்பர். அவை இல்லாத போர்வை ஆடையற்றது என்பது அவர்கள் வழக்கு. ஹென்றி ட்ரூவல் என்னும் அமெரிக்கக் கலை வரலாற்றறிஞர் அப்பெண்டிரோடு பழகி இப்போர்வைகளை ஆராய்ந்தார்; அவை கடல் கடந்து காட்சிக்கும் சென்றன.

எம் பாட்டியாரும் பழஞ்சேலைகளை ஒட்டிப் போர்வை தைத்தவரே. அப்போர்வை இன்று எம் இல்லத்தில் இல்லை. அதன் மூலைகளில் ஏதேனும் வைத்தாரா என்று சென்ற பொங்கலன்று எம் அத்தையாரைக் கேட்டோம். அவருக்கும் நினைவில்லை.